எஞ்சின் விசில் அடித்தால்: டர்போவைக் கழற்றும் முன் ஓஸைப் பாருங்கள்

எஞ்சினில் விசில் சத்தம் வருகிறது என்று வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால், பானெட்டைத் திறக்கும் முன்பே "டர்போ போச்சுங்க" என்று சொல்கிற பட்டறைகள் நம் கொங்குப் பக்கமும் இருக்கத்தான் இருக்கின்றன. டர்போ, அதாவது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற பாகம், மாற்றுவது என்றால் பல ஆயிரம் ரூபாய். மாற்றி எடுத்துக்கொண்டு பெருந்துறை தாண்டுவதற்குள் அதே விசில் திரும்ப வந்து, அப்புறம் வேறொரு மெக்கானிக் ஒரு கிழிந்த ஓஸை (காற்று போகும் ரப்பர் குழாயை)க் கண்டுபிடித்துச் சில நூறு ரூபாயில் முடித்துக் கொடுத்த கதையைச் சொந்தக்காரர்களிடமே கேட்டிருக்கிறேன். முதலில் போன பணம் போனதுதான், யாரும் திருப்பித் தரப்போவதில்லை. இது வேறு யாருக்கும் நடக்கக் கூடாது என்றுதான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

விசில் பெரும்பாலும் காற்றின் சத்தம். அழுத்தமாக இருக்கும் காற்று சின்ன இடுக்கு வழியாக வெளியே பீறிடும், அல்லது வெளிக்காற்று போகக் கூடாத வழியில் உள்ளே இழுக்கப்படும். இரண்டும் இல்லையென்றால் சுற்றுகிற ஏதோ ஒன்று, அதாவது பெல்ட், புல்லி, பேரிங், கத்துகிறது. இந்த மூன்றில் எது என்று தெரிந்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது. அதைத் தெரிந்துகொள்ளப் பெரிய கருவி எதுவும் வேண்டாம், பொறுமையாகக் காது கொடுத்தால் போதும்.

சத்தம் எப்போது வருகிறது?

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வண்டி நின்றுகொண்டு ஐடிலில் ஓடும்போதே வருகிறதா? ஆக்சிலேட்டரை மிதித்தால் கூடுகிறதா, காணாமல் போகிறதா? ஏற்றத்தில் மட்டும் வருகிறதா? காலையில் முதல் ஸ்டார்ட்டில் வந்து சூடேறியதும் நின்றுவிடுகிறதா? ஏசி போட்டால், ஸ்டீயரிங்கை ஒடித்தால், பிரேக்கை மிதித்தால் மாறுகிறதா? அப்புறம் முக்கியமான ஒன்று, சமீபத்தில் ஏதாவது வேலை பார்த்தீர்களா? சர்வீஸ் முடிந்த மறுநாளே வந்த விசில் என்றால் பெரும்பாலும் ஏர் ஃபில்டர் பெட்டியின் மூடி சரியாக உட்காராததுதான் காரணமாக இருக்கும். கிளிப்பைத் திறந்து, ஃபில்டரின் ரப்பர் விளிம்பைப் பள்ளத்தில் ஒழுங்காக அமர்த்தி மூடுங்கள். ஆயில் ஊற்றுகிற மூடியையும் டிப்ஸ்டிக்கையும் ஒரு அழுத்து அழுத்திப் பாருங்கள். இத்தோடு தீர்ந்துபோன விசில்கள் ஏராளம்.

எஞ்சின்தானா என்பதையே முதலில் உறுதி செய்ய வேண்டும். காலியான ரோட்டில் 50 கி.மீ வேகத்தில் மூன்றாவது கியரில் போய்க் கேளுங்கள், அதே 50-ல் நான்காவதுக்கு மாற்றிக் கேளுங்கள். கியர் மாறும்போது சத்தத்தின் சுருதியும் மாறினால் அது எஞ்சின் சுற்றோடு சேர்ந்த சத்தம். மாறவே இல்லையென்றால் காற்றோ, டயரோ, வீல் பேரிங்கோ. இதை நம் ஊர்க்காரர்கள் கட்டாயம் செய்ய வேண்டும், ஏனென்றால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வீசுகிற காற்று சாதாரணக் காற்று இல்லை. பல்லடம், உடுமலை, பொள்ளாச்சிப் பக்கம் காற்றாலைகள் நிற்பதே அந்தக் காற்றை நம்பித்தான். பக்கவாட்டில் அடிக்கும்போது முன் கண்ணாடி பீடிங்கோ கதவு ரப்பரோ கொஞ்சம் தளர்ந்திருந்தாலே ஊய்ங் என்று ஊதும், உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு அது பானெட்டுக்குள்ளிருந்து வருவதாகவே தோன்றும். சந்தேகம் இருந்தால் பெயின்ட் அடிப்பவர்கள் ஒட்டுகிற மாஸ்கிங் டேப்பைக் கண்ணாடி விளிம்பு முழுக்க ஒட்டி ஓட்டுங்கள். சத்தம் நின்றுவிட்டால் எஞ்சினை விட்டுவிடலாம்.

கை வைக்கும் முன்

வேட்டி, லுங்கி, தோளில் துண்டு, துப்பட்டா, கழுத்தில் தொங்கும் சங்கிலி, இவற்றோடு ஓடுகிற எஞ்சின் பக்கம் போகவே கூடாது. பெல்ட் இழுத்தால் இழுத்ததுதான். ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் வைத்து, சக்கரத்துக்கு ஒரு கல் கொடுங்கள். ரேடியேட்டர் ஃபேன் பல வண்டிகளில் சாவியை அணைத்த பிறகும் திடீரென்று சுற்றும், அதனால் விரல் அங்கே போகக் கூடாது. கதவடைத்த ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டுச் சோதிக்காதீர்கள், புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது, ஆளைச் சாய்த்துவிடும். கார்புரேட்டர் கிளீனரையோ பெட்ரோலையோ ஓடும் எஞ்சின் மேல் பீய்ச்சிக் கசிவு தேடுகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. சூடான எக்ஸாஸ்டில் பட்டால் தீப்பிடிக்கும், அந்த வேலையே வேண்டாம்.

சத்தம் வரும் இடத்தைக் கண்டுபிடிக்க இரண்டடி, மூன்றடி நீளமுள்ள ரப்பர் குழாய் போதும். ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு மறுமுனையை மெதுவாக ஓஸ்கள், மூட்டுகள் ஓரமாக நகர்த்துங்கள். கசிவுக்கு நேராக வரும்போது சத்தம் காதில் குத்தும். பேரிங் சந்தேகம் என்றால் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை அந்தப் பாகத்தின் அசையாத உடம்பில், சுற்றும் புல்லியில் இல்லை, வைத்துக் கைப்பிடியைக் காதோரம் வைத்துக் கேட்கலாம்.

பெட்ரோல் வண்டி, ஐடிலில் விசில்

பெட்ரோல் எஞ்சின் ஐடிலில் ஓடும்போது காற்று வரும் வழியைத் திறந்து மூடுகிற த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும். அதனால் சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் வெற்றிடம் (வேக்யூம்) உருவாகும், நல்ல எஞ்சினில் வேக்யூம் கேஜ் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவு) வரை காட்டும். உள்ளே இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றில் பாதிக்கும் குறைவுதான். எங்கே ஒரு ஊசித் துளை இருந்தாலும் வெளிக்காற்று அதன் வழியாக இழுக்கப்பட்டு விசில் அடிக்கும். ஆக்சிலேட்டரை மிதித்து த்ராட்டில் திறந்தால் வெற்றிடம் குறையும், விசிலும் குறையும். ஐடிலில் பலமாகக் கேட்டு, மிதித்தால் மங்குகிற விசில் என்றால் வேக்யூம் லீக் என்றே வைத்துக்கொண்டு தேட ஆரம்பிக்கலாம். (கேஜ் வைத்துப் பார்ப்பவர்களுக்கு: உயரம் ஏற ஏற, ஆயிரம் அடிக்குச் சுமார் ஓர் அங்குலம் வீதம் காட்டும் அளவு குறையும். வால்பாறையில் வைத்துப் பார்த்துவிட்டு எஞ்சின் போச்சு என்று முடிவு கட்டாதீர்கள்.)

இதற்குக் கூடவே வரும் அறிகுறிகளும் உண்டு. ஐடில் தள்ளாடும், அல்லது ஏறிப்போய் நிற்கும், செக் எஞ்சின் விளக்கு எரியும், ஸ்கேனரில் பி 0171 என்ற கோடு (பிழைக் குறியீடு) வரும். கலவையில் காற்று அதிகம் என்று அதற்குப் பொருள். புளூடூத்தில் போனோடு இணைகிற சின்ன ஓபிடி கருவி (வண்டியின் கோடுகளைப் படிப்பது) இருந்தால் ஃபியூவல் டிரிம், அதாவது எஞ்சின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிற அளவு, என்பதைப் பாருங்கள். ஐடிலில் கூட்டல் 15, 20 சதவீதம் என்று எகிறிக் காட்டி, 2500 ஆர்பிஎம்மில் பிடித்தால் பழையபடி பத்துக்குள் இறங்கினால் வேக்யூம் லீக்தான். காற்றின் அளவை அளக்காமல் மேனிஃபோல்டு அழுத்தத்தை மட்டும் அளந்து ஓடுகிற வண்டிகளில் டிரிம் பெரிதாக மாறாது, ஐடில் சுற்றுதான் கூடி நிற்கும், அதையும் மனதில் வையுங்கள்.

தேடும் முறை சுலபம். தலைக்குத் தெளிக்கிற சின்ன ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, ஐடிலில் ஓடவிட்டு, மேனிஃபோல்டு எஞ்சின் ஹெட்டோடு சேரும் கேஸ்கட் ஓரம், த்ராட்டில் பாடி அடி, ஒவ்வொரு வேக்யூம் ஓஸின் இரு முனைகள் என்று இடம் இடமாகக் கொஞ்சமாகத் தெளியுங்கள். மின்சார கனெக்டர்கள், காயில்கள் மேல் படவேண்டாம். கசிவு உள்ள இடத்தில் தண்ணீர் பட்டதும் ஒரு கணம் துளை அடைபட்டு விசில் நிற்கும் அல்லது குரல் மாறும். ஓஸ்களை ஒவ்வொன்றாக விரலால் மடக்கி அழுத்திப் பார்ப்பதும் பலன் தரும், மடக்கியதும் சத்தம் நின்றால் அந்த ஓஸின் மறுமுனையில் இருப்பதுதான் கோளாறு.

பிசிவி வால்வு என்று ஒன்று இருக்கிறது, எஞ்சினுக்குள் சேரும் ஆவியை மீண்டும் இன்டேக்குக்கு அனுப்புவது. அதன் உள்ளே இருக்கும் சவ்வு கிழிந்தால் வருகிற விசில் கூர்மையாக இருக்கும், தெருமுனை வரை கேட்கும். ஐடிலில் ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். மூடி வர மறுத்து உள்ளே பலமாக இழுக்கிறது, திறந்த உடனே விசில் நின்றுவிடுகிறது என்றால் சந்தேகமே வேண்டாம், பிசிவிதான். லேசாக இழுப்பது இயல்பு.

அடுத்தது பிரேக் பூஸ்டர், வேக்யூமை வைத்து பெடல் மிதிப்பதை லேசாக்குவது. இதில் மட்டும் தள்ளிப்போடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பிரேக்கை மிதித்ததும் விசில் மாறினாலோ, பெடல் பக்கம் உஷ் என்று கேட்டுக்கொண்டே இருந்தாலோ, எஞ்சினை அணைத்துவிட்டுப் பெடலை நாலைந்து தடவை மிதித்து இறுக்குங்கள். மிதித்த காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பூஸ்டருக்கு வேக்யூம் போகவில்லை. அந்த வண்டியை ஆழியாறிலிருந்து வால்பாறைக்குப் போகிற 40 கொண்டை ஊசி வளைவுகளுக்கோ, திம்பத்தின் 27 வளைவுகளுக்கோ, கொல்லிமலையின் 70-க்கோ கொண்டுபோகாதீர்கள். ஓஸ், அதன் நடுவில் இருக்கும் ஒருவழி வால்வு, பூஸ்டர் என்ற வரிசையில் பார்த்துச் சரிசெய்த பிறகுதான் மலை.

டீசல் டர்போ, ஏற்றத்தில் விசில்

நம் பக்கம் கேள்வி அதிகம் வருவது இதில்தான். மாருதி டீசல் கார் விற்பதை 2020-ல், பாரத் ஸ்டேஜ் 6 புகை விதி வந்த சமயத்தில் நிறுத்திக்கொண்டது. ஃபியட் வடிவமைத்த 1.3 லிட்டர் டீசல் எஞ்சினோடு அதற்கு முன் வந்த வண்டிகள் இன்னும் நம் ரோடுகளில் ஏராளமாக ஓடுகின்றன, எஞ்சின் நன்றாகவே இருக்கும், ஆனால் அதைச் சுற்றியிருக்கும் ரப்பருக்கு வயசாகிவிட்டது. மற்ற கம்பெனிப் பழைய டீசல்களுக்கும் இதே கதைதான்.

டர்போ நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேலும் சுற்றுகிற சாமான், லேசான விசில் அதன் இயல்பு. புது வண்டியிலிருந்தே கேட்ட அதே மெல்லிய சத்தம் என்றால் விட்டுவிடுங்கள். திடீரென்று புதிதாக வந்ததா, பலமானதா, கூடவே பிக்கப் குறைந்ததா, மிதித்தால் கறுப்புப் புகை வருகிறதா, மைலேஜ் இறங்கியதா என்று பாருங்கள். 1800 ஆர்பிஎம் தாண்டி, லோடில், ஏற்றத்தில் மட்டும் உஷ் கலந்த விசில் வந்தால் டர்போவிலிருந்து, காற்றைக் குளிரவைக்கும் இண்டர்கூலருக்கும், அங்கிருந்து மேனிஃபோல்டுக்கும் போகும் குழாய்களில் எங்கோ அழுத்தக் காற்று கசிகிறது. ஸ்கேனரில் பி 0299 வரலாம், டர்போ அழுத்தம் குறைவு என்று பொருள். இந்தக் கோடு வந்தாலே டர்போ கெட்டுவிட்டது என்று அர்த்தம் இல்லை. டர்போ தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும், காற்றுதான் வழியில் ஓடிப்போகிறது.

கிழிந்த ஓஸ் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், ஒரு தடவை பார்த்துவிட்டால் மறக்காது. மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, கறுப்பாக நல்லபடியாகத்தான் இருக்கும். அடிப்பக்கம், கிளாம்ப்புக்குக் கீழே ஒரு விரல் தள்ளி, ஆயில் ஆவி படிந்து ஈரமாகி அதன் மேல் செம்மண் தூசி அப்பிக் கரும்பழுப்பாக ஒரு பசை நிற்கும். அந்த இடத்தைத் துணியால் துடைத்துவிட்டு ஓஸை வளைத்துப் பாருங்கள், உதடு பிரிகிற மாதிரி ஒரு வெடிப்பு திறக்கும். வண்டி நிற்கும்போது மூடியிருக்கும், அழுத்தம் வரும்போது மட்டும் திறக்கும். பட்டறையில் ஐடிலில் வைத்துப் பார்த்தால் மாட்டாமல் போவதற்கும் இதுதான் காரணம். ஆகவே கையை அடியில் விட்டு முழு நீளத்துக்கும் தடவிப் பாருங்கள், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது. செல்போன் கேமராவை அடியில் நீட்டி வீடியோ எடுத்துப் பார்ப்பதும் நல்ல வழி.

கண்ணுக்கு எதுவும் சிக்கவில்லை என்றால் அழுத்தம் கொடுத்துச் சோதிக்கலாம். ஏர் ஃபில்டரிலிருந்து டர்போவுக்கு வரும் குழாயைக் கழற்றி, அந்த வாய்க்குப் பொருந்தும் அளவில் பிவிசி குழாய் மூடி ஒன்றை வாங்கி, நடுவில் துளையிட்டு டியூப்லெஸ் டயர் வால்வைப் பொருத்துங்கள். போர்வெல் சாமான் விற்காத ஊர் நம் பக்கம் இல்லை, மூடி எங்கேயும் கிடைக்கும். அளவு சரியாக வரவில்லை என்றால் லேத்துப் பட்டறையில் கடைந்து கொடுப்பார்கள். எஞ்சினை அணைத்து, ஆயில் மூடியைத் திறந்து வைத்து, பஞ்சர் கடை கம்ப்ரஸரில் 10 பிஎஸ்ஐ வையுங்கள், போதும். 15-ஐத் தாண்டவே கூடாது. மூடி பிடுங்கிக்கொண்டு வந்து அடிக்கலாம், நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு மூட்டிலும், இண்டர்கூலர் ஓரங்களிலும் தெளியுங்கள், கசியும் இடத்தில் குமிழ் குமிழாக வரும். ஆயில் மூடி வழியாக லேசாக உஷ் என்று வந்தால் பயப்பட வேண்டாம், திறந்திருக்கும் வால்வு வழியாகக் கொஞ்சம் காற்று இறங்குவது சகஜம். இந்த ஏற்பாடெல்லாம் முடியாது என்றால் ஸ்மோக் டெஸ்ட் செய்யும் பட்டறைக்குப் போங்கள். புகையை உள்ளே விட்டு எங்கே வெளியே வருகிறது என்று காட்டுவார்கள், அதற்குக் கொடுக்கிற பணம் வீணே இல்லை.

ஓஸ் மாற்றும்போது இரண்டு விஷயம். ஒன்று, சரியான ஓஸ். ரேடியேட்டர் ஓஸை வெட்டிப் போடுவது, வேக்யூம் ஓஸுக்குப் பதில் தோட்டத்தில் மீந்துபோன சொட்டுநீர்க் குழாயைச் செருகுவது, இதெல்லாம் ஒரு வாரம் ஓடும். டர்போ ஓஸ் ஆயிலும் சூடும் தாங்க வேண்டும், வேக்யூம் ஓஸ் இழுப்பில் ஒட்டிக்கொள்ளாத தடிமனில் இருக்க வேண்டும். இன்சுலேஷன் டேப்பும் எம்-சீலும் வீடு வந்து சேரத்தான், நிரந்தரம் இல்லை. உக்கடத்தில் பழைய சாமான் தேடிப் போகிறவர்கள் உலோகக் குழாய், இண்டர்கூலர், பெட்டி மூடி எல்லாம் தாராளமாக வாங்கலாம், ரப்பரை மட்டும் பழையது வாங்காதீர்கள்.

இரண்டாவது கிளாம்ப். குழாய் வாயில் இருக்கும் ஆயிலைச் சுத்தமாகத் துடைத்த பிறகுதான் ஓஸை ஏற்ற வேண்டும். குழாயின் நுனியில் ஒரு மேடு இருக்கும், கிளாம்ப் அந்த மேட்டுக்கு உட்புறம் உட்கார வேண்டும், மேட்டின் மேலேயே உட்கார்ந்தால் முதல் ஏற்றத்திலேயே பிடுங்கிக்கொள்ளும். வெறி கொண்டு முறுக்கவும் கூடாது, கிளாம்ப்பின் பற்கள் ரப்பரை அறுத்து அடுத்த கசிவுக்கு வழி செய்துவிடும்.

டர்போவே கெட்டிருந்தால்

அப்படியும் நடக்கும். சத்தம் விசிலிலிருந்து ஆம்புலன்ஸ் சைரன் மாதிரி ஏறி இறங்கும், கூடவே நீலப்புகை, ஆயில் குறைவது. குளிர்ந்த எஞ்சினில் ஏர் ஃபில்டர் பக்கக் குழாயைக் கழற்றி டர்போவின் இறக்கையைக் கையால் தொட்டுப் பாருங்கள். பக்கவாட்டில் மயிரிழை அளவு ஆட்டம் இருக்கும், அது சரிதான், ஓடும்போது ஆயில் அந்த இடைவெளியை நிரப்பும். முன்னும் பின்னும் இழுத்தால் கைக்குத் தெரிகிற ஆட்டம் இருக்கக் கூடாது. இறக்கை நுனி தேய்ந்திருக்கிறதா, சுற்றியுள்ள சுவரில் உரசிய கோடு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். குழாய்க்குள் மெல்லிய ஆயில் படலம் இருப்பது இயல்பு, குட்டையாகத் தேங்கி நின்றால் இயல்பு இல்லை.

இந்த நிலையில் ஓட்டவே கூடாது. டர்போவின் ஆயில் சீல் முழுக்கப் போய்விட்டால் டீசல் எஞ்சின் தன் ஆயிலையே எரித்துக்கொண்டு, சாவியை அணைத்தாலும் நிற்காமல் தறிகெட்டு ஓடும். அப்படி நடந்துவிட்டால் பதறாமல், மேனுவல் கியர் வண்டியில், பிரேக்கை முழு பலத்தோடு மிதித்து, மேல் கியரில் போட்டு கிளட்சை விட்டு எஞ்சினைத் திணறடித்து நிறுத்துங்கள்.

டர்போ கெடுவதற்குக் காரணம் பெரும்பாலும் தூசியும் ஆயிலும். பொள்ளாச்சிப் பக்கத் தென்னைநார்த் தூசியிலும், பல்லடம், திருப்பூர் மில்களின் பஞ்சுத் தூசியிலும், தோட்டத்து இட்டேரிப் புழுதியிலும் ஓடும் வண்டிக்குக் கம்பெனி சொன்ன கிலோமீட்டர் வரை ஏர் ஃபில்டரை விட்டுவைக்காதீர்கள், முன்னாலேயே மாற்றுங்கள். மலை ஏறி உச்சியில் டீக்கடையைப் பார்த்ததும் சடக்கென்று அணைக்காமல் ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள். கொதிக்கிற டர்போவில் நின்றுபோன ஆயில் கருகிக் கரியாகி வழியை அடைக்கும்.

பெல்ட், புல்லி, பேரிங்

இது காற்று விசில் இல்லை, கீச் என்றும் ங்ய்ய் என்றும் கேட்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும், மழையில் நனைந்தபின், ஏசி போட்டதும் கூடினால் பெல்ட் பக்கம் போங்கள். ஓடும்போது பெல்ட்டின் பள்ளமுள்ள பக்கத்தில் தூரமாக நின்று கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் பதில் கிடைக்கும்: சத்தம் குறைந்து மறுபடி வந்தால் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை அல்லது பெல்ட் தேய்ந்திருக்கிறது, தெளித்ததும் கூடினால் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைப் பாருங்கள். கத்தாமல் இருக்க பெல்ட் மேல் மெழுகோ, ஸ்ப்ரேயோ, சோப்போ தேய்ப்பது வேண்டாம், கோளாறு அப்படியே இருக்கும், சத்தம் மட்டும் மறையும்.

எந்தப் புல்லி என்று தெரிய, எஞ்சினை அணைத்துவிட்டு பெல்ட் போகும் வழியை போட்டோ எடுத்துக்கொண்டு பெல்ட்டைக் கழற்றி ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றுங்கள். மணல் உரசுகிற மாதிரி கரகரத்தால் அதுதான். பெல்ட் இல்லாமல் அரை நிமிடம் மட்டும் ஸ்டார்ட் செய்து பார்த்தால் சத்தம் பெல்ட் பக்கமா எஞ்சின் பக்கமா என்பதும் தெரிந்துவிடும். தண்ணீர்ப் பம்ப்பும் அதே பெல்ட்டில் ஓடலாம், அதனால் அதற்கு மேல் ஓடவிடாதீர்கள். ஹெட்லைட், ஏசி ஃபேன் எல்லாம் போட்டால் முனகல் கூடினால் ஆல்டர்னேட்டர். ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங் உள்ள பழைய வண்டியில் ஒடிக்கும்போது மட்டும் கத்தினால் முதலில் அதன் ஆயில் அளவு. டைமிங் பெல்ட் மூடிக்குள்ளிருந்து சத்தம் வந்தால் மட்டும் வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு மெக்கானிக்கை வரச்சொல்லுங்கள், அது அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வு வளைந்துவிடும்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குளிர்ந்த எஞ்சினில் டிக் டிக் கலந்த விசில் வந்து, சூடேறியதும் குறைந்தால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கட். மூட்டில் கரிக்கோடு தெரியும், அந்தப் புகை வண்டிக்குள் வராமல் சீக்கிரம் மாற்றுங்கள். வண்டியை நிறுத்திய பிறகு ரேடியேட்டர் பக்கம் ஆவியோடு விசில் வந்தால் மூடியின் ரப்பரோ, எஞ்சின் அதிகச் சூடாவதோ காரணம், ஆறும் வரை மூடியைத் தொடாதீர்கள். ஏசியை அணைத்ததும் டேஷ்போர்டுக்குள் சில நொடி உஸ் என்று கேட்பது கேஸ் சமநிலைக்கு வருவது, அதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம்.

தோட்டத்துச் சாளையில் (தோட்டத்து வீட்டில்) வண்டி நிறுத்துபவர்களுக்குத் தனியாக ஒன்று. எலியும் அணிலும் ரப்பரைக் கடிக்கும், எஞ்சின் சூட்டுக்காக ராத்திரி ஏறிப் படுக்கும். ராத்திரி நன்றாக இருந்த வண்டி காலையில் விசில் அடித்தால் முதலில் மேனிஃபோல்டு மேல் பருப்புத் தோலோ, வைக்கோலோ, புழுக்கையோ கிடக்கிறதா என்று பாருங்கள், கிடந்தால் பக்கத்தில் பல் பட்ட ஓஸ் இருக்கும். வயரையும் கடித்திருக்கலாம், அதையும் பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். தீவன மூட்டைக்குப் பக்கத்தில் காரை நிறுத்தாமல் இருந்தாலே பாதித் தொல்லை குறையும்.

பட்டறையில் எப்படிச் சொல்வது

"விசில் வருதுங்க, பாருங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். நீங்கள் எழுதி வைத்ததைச் சொல்லுங்கள்: "அண்ணா, ஐடில்ல இல்லீங்க. மூணாவது கியர்ல ஏத்தத்துல 2000 தாண்டுறப்ப மட்டும் ஊதுது, பிக்கப்பும் கம்மியா இருக்குது. இண்டர்கூலர் ஓஸ் எல்லாம் ஒருக்கா கழட்டிப் பாத்துருங்க, டர்போவ அப்புறம் பாத்துக்கலாம்ங்க." இவ்வளவு தெளிவாகச் சொல்பவரிடம் நல்ல மெக்கானிக் சந்தோஷமாகவே வேலை செய்வார், அவருக்கும் தேடும் நேரம் மிச்சம். சத்தம் வரும் ரோட்டில் அவரையும் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்கள். அப்படியும் டர்போதான் என்றால், கழற்றிய குழாய் வழியாக அந்த ஆட்டத்தை உங்கள் கண்ணுக்குக் காட்டச் சொல்லுங்கள், காட்டாமல் சம்மதம் சொல்லாதீர்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கையில் கேட்டு வாங்குங்கள்.

வேலை முடிந்ததும் ஸ்கேனரில் பழைய கோடுகளை அழித்துவிட்டு, சிவன்மலை ரோடு மாதிரி ஒரு ஏற்றத்தில், ஆட்களோடு, ஏசி போட்டு ஓட்டிப் பாருங்கள், சமதளத்தில் ஓட்டினால் லோடு வராது. இரண்டு மூன்று நாள் ஓடி ஓஸ் சூடேறி ஆறிய பிறகு கிளாம்ப்புகளைக் கால் சுற்று முறுக்கிச் சரிபாருங்கள், புது ரப்பர் அமுங்கிக் கொஞ்சம் தளர்ந்திருக்கும். அப்போதே மூட்டுகளைச் சுற்றித் துடைத்தும் விடுங்கள், அடுத்து எங்காவது ஆயில் ஈரம் தெரிந்தால் அது புதுக் கசிவு என்று பார்த்தவுடனே தெரியும்.